மேடைக்கு அடியில் தொட்டி

சிரம்பான் டவுனில் இருக்கும் யோர்தான் பாப்திஸ்து ஆலயத்தைச் சுற்றிப் பார்க்க யார் வந்தாலும் சத்தியசீலனிடம் மாட்டாமல் திரும்ப முடியாது. அறுபத்துமூன்று வயது. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருடமாகச் சபைச் செயலாளர். கேட்டைத் திறக்கும்போதே ஆளைப் பிடித்துக்கொள்வார். பத்து நிமிடம் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விடமாட்டார். ஆனாலும் நேரம் வீணாயிற்று என்று யாரும் குறைபட்டுக்கொண்டதில்லை. அவ்வளவு ருசியாகச் சொல்வார்.

முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்வார். ஆலயத்துக் கூரையின் முகட்டில் இன்னொரு குட்டிக் கூரை ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே நீளமாகப் பலகைக் கதவுகள். கீழிருந்து கயிற்றை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். உலகத்தில் வேறு எந்தத் தேவாலயத்திலும் இப்படிப் பார்க்க முடியாது என்பார். உலகத்தில் எத்தனை தேவாலயத்தை அவர் பார்த்தார் என்று கேட்கக் கூடாது. 1926-இல் கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து டவுனில் ஓர் ஆலயம் எழுப்ப நினைத்தபோது, அவர்களுக்குத் தெரிந்த ஒரே கட்டடக்காரர் முனியாண்டி. அவர் அதுவரை கட்டியதெல்லாம் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலைகளும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புகைக்கூடங்களும்தான். வெள்ளைக்காரப் பாதிரியார் உயரமான கோபுரத்தோடு படம் வரைந்து கொடுத்தார். முனியாண்டி அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைக் கட்டி முடித்தார். இருநூறு பேர் நெருக்கி உட்கார்ந்தாலும் உள்ளே வியர்க்காது. புகை போகிற வழியில் சூடு போய்விடும். பிரசங்கம் நீளும் நாட்களில் அதுவும் அந்த வழியாகத்தான் போகிறது என்று சபையில் ஒரு பேச்சு உண்டு.

அடுத்தது மணி. கோபுரம் இல்லாத இடத்தில் மணிக்கு எங்கே போவது? வாசல் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டுக்கு ஆள் கூட்டி வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட அடிப்பார்களே, அதே துண்டு. முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு பேர் ரப்பர்ப் பால் எடுக்கும் வாளியோடு வந்து நின்றார்களாம். இந்த இடத்தில் சத்தியசீலன் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார் என்பது கேட்டாலே தெரியும்.

கடைசியில் பிரசங்க மேடை. பலகை மேடைக்கு அடியில் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. பாப்திஸ்துகளுக்குக் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தால் போதாது. ஆள் வளர்ந்து, தானே முடிவு செய்து, முழு உடம்போடு தண்ணீருக்குள் போய் எழுந்திருக்க வேண்டும். அப்படி எழுந்தவர்தான் சபை அங்கத்தினர், அவருக்குத்தான் ஓட்டு. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தொட்டியை 1961-இல் மண் கொட்டி மூடிவிட்டார்கள் என்று முடித்து, சத்தியசீலன் வாசல் பக்கம் நடந்துவிடுவார். முக்கால் மணி நேரச் சுற்றில் தொட்டிக்குக் கிடைப்பது அரை நிமிடம்.

அதற்குக் காரணம் இருந்தது. சபைச் செயலாளர் சத்தியசீலன் ஞானஸ்நானம் எடுக்கவே இல்லை.

பதிவேட்டில் எடுத்ததாகத்தான் இருக்கிறது. 1979, அவருக்குப் பதினாறு வயது. தொட்டி மூடியபின் முழுக்கெல்லாம் சி ரூசா கடற்கரையில்தான். பதினோரு பேர் வெள்ளை உடுப்போடு லோரியில் ஏறிப் போனார்கள். அந்தக் காலத்துப் போதகருக்கு ஒரு பழக்கம். ஈரக் கையோடு எழுதினால் மை பரவும் என்று, சனிக்கிழமையே உட்கார்ந்து எல்லாப் பெயரையும் பதிவேட்டில் எழுதி வைத்துவிடுவார். ஆகவே சத்தியசீலன் கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பதிவேட்டின்படி முழுகி எழுந்தாகிவிட்டது.

கடலைப் பார்த்ததும்தான் தொல்லை. தோட்டத்தில் பிறந்த பையன், குளியல் தொட்டியைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. முன்னால் போனவரைப் போதகர் பின்பக்கமாகச் சாய்த்து அலைக்குள் அமுக்கியபோது அவன் கால்கள் தாமாகவே பின்னுக்கு நடந்தன. சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு பலகாரக் கடை. கடைக்காரரின் மகன் ஜபருல்லா, அவனுக்கும் அதே வயது, தட்டு கழுவிக்கொண்டிருந்தான். சத்தியசீலன் காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு வாளித் தண்ணீர் கேட்டான். தலையில் ஊற்றிக்கொண்டான். சட்டையை நனைத்துக்கொண்டான். திரும்பிப் போய், சொட்டச் சொட்ட நின்றிருந்த பத்துப் பேரோடு தானும் சொட்டச் சொட்ட நின்றான். போதகர் கண்ணாடியைக் கழற்றி லோரியில் வைத்திருந்தார். எல்லோரும் பாடினார்கள், கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அடுத்த வாரம் அவனை வாலிபர் சங்கத்தில் போட்டார்கள். பிறகு கல்யாணம் வந்தது, பிறகு செயலாளர் பதவி வந்தது. சொல்ல வேண்டிய விஷயம் ஒவ்வொரு வருடமும் ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டே போனது. மனைவி மோகனாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. இனிச் சொல்லவும் முடியாது.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஜபருல்லா. அவர் இப்போது ஆலயத்துக்கு எதிர்ச் சாரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஒரு வாளித் தண்ணீரில் ஆரம்பித்த பழக்கம் நாற்பத்தேழு வருட நட்பாகிவிட்டது. காலையில் சத்தியசீலன் தேநீருக்கு வந்து உட்கார்ந்ததும் ஜபருல்லா கல்லாவிலிருந்து குரல் கொடுப்பார்.

"செயலாளருக்கு ஒரு தே போடு. தண்ணி கம்மியா ஊத்துலா, அவருக்குத் தண்ணி ஆகாது."

கடையில் எல்லோரும் அது சர்க்கரை வியாதி சம்பந்தப்பட்ட பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஆலயத்துக்கு நூறு வயது ஆயிற்று. நூற்றாண்டு மலருக்காகக் கட்டடத்தை அளந்து படம் போட, கோலாலம்பூரிலிருந்து ரதி என்று ஒரு கட்டடக் கலைஞரைப் போதகர் யோகேந்திரன் வரவழைத்தார். ரதி ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண். ஏணியில் ஏறி, கூரைக் கதவின் கயிற்றை இழுத்துப் பார்த்து, இது புகைக்கூடமேதான் என்று கைதட்டிச் சிரித்தாள். சத்தியசீலனுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. அந்தப் பிரியம் அவள் மேடையின் மேல் குதிகாலால் தட்டிப் பார்க்கும் வரைக்கும்தான் நீடித்தது.

"அங்கிள், மண்ணு போட்டு மூடிட்டாங்கன்னு சொன்னீங்க. சத்தம் காலியா கேக்குதே."

மண் அமுங்கியிருக்கும் என்றார் சத்தியசீலன். அறுபத்தைந்து வருடத்தில் எவ்வளவுதான் அமுங்கும் என்றாள் ரதி. மறுநாளே இரண்டு தச்சர்கள் வந்து பலகையைப் பெயர்த்தார்கள். உள்ளே கால் உடைந்த நாற்காலிகள், பழைய கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களின் மூங்கில் சட்டங்கள், ஒரு பல்லிக் குடும்பம். மண் ஒரு கைப்பிடிகூட இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டுக் கூட்டிவிட்டதும், வெள்ளை சிமெண்ட் பூசிய தொட்டி நேற்றுக் கட்டியதுபோலப் பளிச்சென்று கிடந்தது. போதகர் திரும்பிப் பார்த்தார். பெரியவர்கள் சொல்லக் கேட்டதைத்தான் சொன்னேன் என்றார் சத்தியசீலன். அதுவும் பொய். பழைய கூட்டக் குறிப்பில் கறையான் அரித்த மேடைப் பலகையை மாற்றும்போது தொட்டியை அப்படியே மூடி ஆணி அடித்த விவரம் இருந்தது. மண் கதை, யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்று அவராகக் கட்டியது.

ரதிக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அவள் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். பக்கச் சுவர்களில் மேலிருந்து கீழாக, சாண் இடைவெளியில், விரல் நுழையும் அளவுக்கு நேர் நேராகப் பள்ளங்கள். அலங்காரமா என்றால் அழகாக இல்லை. விரிசலா என்றால் இவ்வளவு ஒழுங்காக விரிசல் விடாது. அவள் அங்கிருந்தே படம் எடுத்து அனுப்பி, தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். ரப்பர்ப் பாலை ஊற்றி உறைய வைக்கும் தொட்டியில் வரிசையாகத் தகடு செருகுவார்கள், அந்தத் தகடு நிற்கிற பள்ளம்தான் இது. முனியாண்டிக்குத் தொட்டி என்றால் பால் தொட்டிதான். ஞானஸ்நானத்துக்குத் தகடு எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை, கை பழக்கத்தில் வைத்துவிட்டார். அடியில் தண்ணீர் விடும் ஓட்டையும் அதை அடைக்கிற மரக்கட்டையும்கூட அதே மாதிரி.

தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க நிரப்பி வைத்தார்கள். சத்தியசீலனுக்கு அது ஒழுக வேண்டும். அப்படி ஒரு ஜெபம்கூடச் செய்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஜெபங்களிலேயே வெட்கக்கேடானது அதுதான். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது தண்ணீர் நிரப்பிய அளவிலேயே நின்றது. முனியாண்டி கட்டியதல்லவா.

ஞாயிற்றுக்கிழமை போதகர் யோகேந்திரன் அறிவித்தார். நாற்பது வயதுக்காரர், சந்தோஷம் வந்தால் மைக் இல்லாமலே பேசுவார். நூற்றாண்டு விழா அன்று, அறுபத்தைந்து வருடத்துக்குப் பிறகு, சொந்த ஆலயத்துத் தொட்டியில் ஞானஸ்நானம். நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான்காவது பெயரைக் கேட்டதும் சபையே திரும்பிச் சத்தியசீலனைப் பார்த்துப் புன்னகைத்தது. அது அவர் மகள் ரோகினி.

ரோகினிக்கு இருபத்தொன்பது வயது, போர்ட் டிக்சனில் பள்ளி ஆசிரியை. மனதுக்குள் தோன்றும்போது எடுப்பேன் என்று இத்தனை வருடம் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டவள். சத்தியசீலன் ஒருநாளும் அவளை வற்புறுத்தியதில்லை. எவ்வளவு பொறுமையான அப்பா என்று சபையில் மெச்சிக்கொண்டார்கள். மெச்சும்போதெல்லாம் அவருக்குக் காது சுடும்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவள்தான் பேச்செடுத்தாள்.

"பா, எனக்குத் தண்ணின்னா பயம். உங்களுக்கும் பயம்தானே? பீச்சுக்குப் போனா நீங்க காலுகூட நனைக்க மாட்டீங்க. ஆனா பதினாறு வயசுல அந்தப் பயத்தோடவே கடல்ல எறங்கிட்டீங்கல்ல. அத நெனச்சுத்தான் பேரே குடுத்தேன். தொட்டியில நீங்க என்கூட நிக்கணும்பா. போதகர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

தண்ணீரில் போதகருக்கு ஒத்தாசையாக ஒருவர் நிற்பது வழக்கம். ஞானஸ்நானம் பெற்றவர்தான் நிற்கலாம். சத்தியசீலன் வாயிலிருந்த சோற்றை விழுங்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். இத்தனை நாள் பொய் அவரோடு மட்டும் இருந்தது. இப்போது அவர் பெண் அதன்மேல் கால் வைத்துத் தண்ணீரில் இறங்கப் போகிறாள். அதுதான் அவரைக் கொன்றது.

மறுநாள் காலை கடையில் சத்தியசீலனின் முகத்தைப் பார்த்து ஜபருல்லா வழக்கமான கேலியைச் செய்யவில்லை. தானே தேயைக் கொண்டுவந்து வைத்து எதிரில் உட்கார்ந்தார். சத்தியசீலன் எல்லாவற்றையும் சொன்னார். ரத்தக் கொதிப்பு என்று சொல்லித் தண்ணீரில் இறங்காமல் தப்பிக்கலாமா என்றும் கேட்டார். ஜபருல்லா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சத்தியா, நான் நாப்பத்தேழு வருசமா வாயத் தொறக்கல. இனியும் தொறக்க மாட்டேன். ஆனா புள்ள ஒன் கையப் புடிச்சுக்கிட்டு எறங்கப் போவுது. அது என்னா கைன்னு அதுக்குத் தெரியணுமா இல்லையா?"

சத்தியசீலன் தேயைக் குடிக்காமலே எழுந்துபோனார்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அங்கத்தினர் கூட்டம். யாரைத் தண்ணீரில் இறக்கலாம், யாரை இறக்கக் கூடாது என்பதைப் பாப்திஸ்து சபையில் போதகர் மட்டும் தீர்மானிக்க முடியாது. பெயர் கொடுத்தவர்கள் முன்னால் வரிசையாக நிற்பார்கள். செயலாளர் பெயரை வாசிப்பார். சபை கை தூக்கும். செயலாளர் கைகளை எண்ணிச் சொல்வார். இருபத்திரண்டு வருடமாகச் சத்தியசீலன் வாசித்து, எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான்கு பேரும் வந்து நின்றார்கள். ரோகினி கடைசியில் நின்றாள். ரதி பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலை வரைந்துகொண்டிருந்தாள். சத்தியசீலன் காகிதத்தை விரித்தார். முதல் மூன்று பெயரையும் வாசித்தார், கைகள் எழுந்தன. ரோகினியின் பெயரை வாசித்தார், எல்லாக் கையும் எழுந்தது. போதகர் முடிவு ஜெபத்துக்கு எழுந்தார். சத்தியசீலன் காகிதத்தை மடிக்கவில்லை.

"அஞ்சாவது பேரு," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "சத்தியசீலன். வயசு அறுபத்திமூணு."

முதலில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்கள். அவர் சவுக்கு மரத்திலிருந்து ஆரம்பித்து வாளி வரை சொன்னார், மண் கதையையும் ஒப்புக்கொண்டார். எதையும் குறைக்கவில்லை, தன்னைப் பெரிதாகத் திட்டிக்கொள்ளவும் இல்லை. ரோகினியைப் பார்க்காமல் கூரையின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். 

அவர் சொல்லி முடித்ததும் சுகுமாறன் எழுந்தார். சபையின் துணைத் தலைவர், எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சபைச் சட்டப் புத்தகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவர். அவர் எழுந்தால் கூட்டம் அரை மணி நேரம் நீளும் என்று எல்லோருக்கும் தெரியும். சகோதரர் சத்தியசீலன் ஞானஸ்நானம் பெறவில்லை என்றால் அங்கத்தினர் இல்லை, அங்கத்தினர் இல்லை என்றால் அவர் போட்ட ஓட்டுகள் செல்லாது என்று நிதானமாக ஆரம்பித்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டாமலே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நான்கு வருடத்துக்கு முன் போதகரைத் தேர்ந்தெடுத்தபோது சீட்டு எழுதிப் போட்டோம். முப்பத்தொன்றுக்கு முப்பது. ஒரு ஓட்டில் ஜெயித்தவர் போதகர் யோகேந்திரன். சகோதரர் சத்தியசீலன் யாருக்குப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு ஓட்டு போனால் முப்பதுக்கு முப்பது. அதாவது இந்தச் சபைக்கு நான்கு வருடமாகப் போதகரே இல்லை.

சபை ஆவென்று பார்த்தது.  தன் ஒரு வாளித் தண்ணீர் இவ்வளவு தூரம் ஓடும் என்று சத்தியசீலன் நினைத்திருக்கவில்லை. போதகர் யோகேந்திரன் கொஞ்சம் யோசித்தார். பிறகு மேடை நாற்காலியிலிருந்து இறங்கி, முன் வரிசைப் பெஞ்சில் ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பை அடக்குகிற அவஸ்தைதான் இருந்தது. இப்போது கூட்டத்துக்குத் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. நின்றுகொண்டிருந்த ஒரே நிர்வாகி சுகுமாறன்தான். கேள்வி கேட்டவரே பதிலும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சட்டப் புத்தகத்தைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். நெடுநேரம் கனைத்தார்.

"அந்த முப்பதுல ஒண்ணு என்னோடது. இவரு ரொம்பச் சின்ன வயசு, சத்தம் போட்டுப் பேசுறாருன்னு நெனச்சேன். நாலு வருசமா கேட்டுட்டேன். இப்பவும் சத்தம் போட்டுத்தான் பேசுறாரு. இருந்தாலும் எனக்கு இவருதான் போதகரு. மறுபடி ஓட்டு எடுப்போம், கை தூக்கியே எடுப்போம்."

சொல்லிவிட்டு முதல் கையை அவரே தூக்கினார். எண்ணுவதற்குச் செயலாளர் இல்லையே என்று யாரோ கேட்டபோது, ஓட்டு இல்லாத வெளியாள் எண்ணுவதுதான் நியாயம் என்று ரதியைக் கூப்பிட்டார்கள். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, இரண்டு பக்க பெஞ்சுக்கும் நடுவே நடந்து, தூண்களை எண்ணுகிற கவனத்தோடு எண்ணினாள். ஐம்பத்தெட்டு. எதிர்ப்பு இல்லை. யோகேந்திரன் மறுபடி மேடைக்கு ஏறியபோது சபை கைதட்டியது. அவர் வந்ததிலிருந்து இப்படி ஒரு கைதட்டலை வாங்கியதில்லை.

அப்புறம் ஐந்தாவது பெயர். போதகர் வாசித்தார். சத்தியசீலன் மேடையோரம் தனியாக நின்றிருந்தார். தலையைத் தூக்கவில்லை. கைகள் எழும் சத்தம், துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ரதி எண்ணத் தொடங்கினாள். அவள் எண்ணி முடிப்பதற்கு முன் யாரோ அவர் முழங்கையைத் தொட்டார்கள். ரோகினி. கண் சிவந்திருந்தது. கோபமாகத்தான் இருந்தாள். அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் வரிசையில் தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

"இங்க வந்து நில்லுங்கபா," என்றாள்.

ஐம்பத்தெட்டு என்றாள் ரதி.

அந்த வாரம் முழுக்க ரோகினி அப்பாவிடம் அளந்துதான் பேசினாள். சனிக்கிழமை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். அம்மாவாக இருந்தால் மறுநாளே கையைப் பிடித்துக் கடலுக்கு இழுத்துப் போயிருப்பாள் என்று சொல்லி, சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டு பேரும் இஸ்திரிப் பலகைக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்தார்கள்.

விழா அன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. டவுன் முழுக்கத் தண்ணீர் வெட்டு. விருந்தினர் வந்துவிட்டார்கள், வாழைமரம் கட்டியாகிவிட்டது. சோதனைக்கு விட்ட தண்ணீரை முந்தின வாரமே மரக்கட்டையைப் பிடுங்கி வெளியே விட்டிருந்தார்கள். போதகர் கையைப் பிசைந்தார். சத்தியசீலன் ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார். கடை மாடியில் ஜபருல்லா இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தது அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜபருல்லா ஹோஸ் குழாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ரோட்டின் குறுக்கே குழாயை இழுத்து, அதன்மேல் மோட்டார் சைக்கிள் ஏறாமல் ஒரு நாற்காலி போட்டுக் காவலும் வைத்தார்.

"அப்ப ஒரு வாளி கேட்ட," என்றார். "இப்ப தொட்டியே கேக்குற. ஒனக்குத் தண்ணி ஊத்துறதே என் பொழப்பாப் போச்சுலா."

பத்து மணிக்குத் தொட்டி நிறைந்தது. நெஞ்சளவு. மேலே கூரைக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள், வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது. சத்தியசீலன்தான் முதலில். அவர் எழுந்தால்தான் அடுத்து மகளுக்குத் துணை நிற்க முடியும் என்று சுகுமாறன் சட்டப் புத்தகத்தைப் பார்த்து வரிசையை மாற்றிக் கொடுத்திருந்தார்.

மூன்று படி. முதல் படியில் கால் குளிர்ந்தது. மூன்றாவதில் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. சுவரைத் தடவினார். முனியாண்டி வேண்டாத வேலையாக வைத்த பள்ளத்தில் விரல்கள் கச்சிதமாக நுழைந்தன. அதைப் பிடித்துக்கொண்டார். போதகர் கேள்விகளைக் கேட்டார், அவர் பதில் சொன்னார். போதகர் ஒரு கையை அவர் முதுகில் கொடுத்துச் சாய்க்கப் பார்த்தார். ஆள் சாயவில்லை. விரல்கள் பள்ளத்தை விடவில்லை. அண்ணே, கையை விடுங்க என்றார் போதகர் மெதுவாக. விட வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. விரல் கேட்கவில்லை. நாற்பத்தேழு வருடத்துக்கு முன் பின்னால் நடந்த அதே கால்கள் இப்போதும் தரையில் தேடித் தேடிப் பின்னால் போகப் பார்த்தன. பின்னால் சுவர் இருந்தது.

அப்போது ரோகினி முதல் படியில் இறங்கி நின்றாள். அவள் இறங்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை.

"விடுங்கபா. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவர் விட்டார்.

தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. வாசலில் யாரோ தண்டவாளத் துண்டை ஓங்கி அடித்தார்கள். தண்ணீருக்குள் அது எங்கோ தூரத்தில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி கேட்டது. எழுந்தபோது மூக்கிலும் வாயிலும் தண்ணீர். இருமினார், சிரித்தார், கண்ணைத் துடைத்தார். சபை பாட ஆரம்பித்துவிட்டது. வாசலில் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்ற ஜபருல்லா, தலை முழுக்க நனைந்ததா என்று சைகையால் கேட்டார். சத்தியசீலன் நனைந்த தலையைத் தொட்டுக் காட்டினார். பிறகு மேலே ஏறாமல், அப்படியே திரும்பி, மகளுக்குக் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பயத்தோடே இறங்கிவிட்டாள்.

இந்தத் தடவை யார் பெயரையும் முன்கூட்டி எழுதவில்லை. ஐந்து பேரும் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து, ஈரக் கையோடு தாங்களே எழுதினார்கள். மை பரவத்தான் செய்தது. எழுதி முடித்ததும் சத்தியசீலன் 1979-ஆம் வருடப் பக்கத்தைத் திருப்பி, தன் பெயரை அடித்துவிடலாமா என்று சுகுமாறனிடம் கேட்டார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடவே கூடாது என்றார் அந்தப் பழைய கிராணி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எஸ்டேட்டில் முப்பது வருடம் பெரட்டுக்கு வந்தவர், வராதவர் பெயரைக் குறிக்கும் செக்ரோலில் எழுதிய அதே சின்னச் சின்ன எழுத்தில், பதினோராவது பெயருக்கு நேராக "அன்று வரவில்லை" என்று எழுதினார். பிறகு புதுப் பக்கத்துக்கு வந்து, மை பரவியிருந்த முதல் பெயருக்கு நேராக "வந்துவிட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மை காய்வதற்காக ரோகினி குனிந்து ஊதினாள். அவள் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தச் சொல்லின் மேலேயே விழுந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.